பழைய தமிழ் மெயில் புரியவில்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியம்மா, சிங்கப்பூரிலிருந்து அண்ணன் 2001-ல் அனுப்பிய தமிழ் மெயில்களை சிடியில் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார். திறந்தால் வெறும் குறிகள்! கடிதம் அழிந்துவிடவில்லை. அன்று ஒவ்வொரு ஃபாண்ட்டும் 256 இடங்களில் தமிழை ஒவ்வொரு விதமாக அடுக்கியது. பொதுமுறை வேண்டுமென 1999-ல் தமிழக அரசு அறிவித்ததே டேம், டேப் என இரண்டு! இணையத்தில் டிஸ்கி தனி. யூனிகோடில் ‘அ’வின் எண் 2949, எந்த நாட்டிலும் அதே.

உங்களிடமும் இத்தகைய மெயில் இருந்தால் முதலில் நகல் எடுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற புரோகிராமில் நாலு வரியை பேஸ்ட் செய்து, முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். தமிழ் தெரிந்தால் அதுதான் சரியான முறை. பெரியம்மாவுடையது டிஸ்கி. முழுவதையும் மாற்றி யூனிகோடில் சேமியுங்கள். பழைய முறைகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும். மாற்றும்போது ‘கெ’, ‘கொ’ பிசகலாம். சரிபார்க்கும்வரை மூல ஃபைலை அழிக்காதீர்கள்.