எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?

2020-ஆம் ஆண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அம்மா சம்பளச் சீட்டை நீட்டினார்.

"ஐயா, இந்த மாசம் கொஞ்சம் கூட வந்திருக்கு. சம்பளம் ஏத்திட்டாங்களா, பாரு."

தமிழ்ப்பள்ளியில் பயின்று, அப்போது தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்பவன். பார்த்தேன். சம்பளம் ஏறவில்லை, ஊழியர் சேமநிதிப் பிடித்தம் குறைந்திருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தொழிலாளர் சந்தா 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நெருக்கடி நேரத்தில் மக்கள் கையில் பணம் புழங்க வேண்டும் என்பது நோக்கம். பழையபடி 11 விழுக்காடே வேண்டும் என்போர் தனிப் பாரம் நிரப்பித் தரலாம். எதுவும் செய்யாதவருக்கு 7 விழுக்காடு.

இப்படி நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக நடைமுறைக்கு வருவதை 'இயல்புத் தேர்வு' எனலாம். பயனர் அனுபவ வடிவமைப்பும் நடத்தை உளவியலும் சந்திக்கும் இடம் இது. பெரும்பாலோர் இயல்புத் தேர்வை மாற்றுவதில்லை. மாற்றுவதற்கு முயற்சி வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறோம். கொடுக்கப்பட்டதே நல்லது என்றும் நம்பிவிடுகிறோம். ரிச்சர்ட் தேலரும் கேஸ் சன்ஸ்டீனும் 2008-இல் வெளியிட்ட 'நட்ஜ்' என்னும் நூல் இதை விரிவாகப் பேசுகிறது. தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சிறு கணக்கு. மாதச் சம்பளம் 1,200 ரிங்கிட் என்று கொள்வோம். 4 விழுக்காடு 48 ரிங்கிட். 9 மாதங்களுக்கு 432 ரிங்கிட். இப்பணம் தொலைந்துவிடவில்லை; வீட்டுச் செலவுக்கு வந்தது. பல குடும்பங்களுக்கு அது அப்போது தேவையாகவும் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை.

விவரத்தைச் சொன்னபோது அம்மா, "முன்னமே தெரிஞ்சிருந்தா வயசான காலத்துக்கே விட்டிருப்பேனே" என்றார். படிக்கத் தெரிந்த நான் முன்கூட்டியே விசாரித்திருக்கலாம்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று ஊர் திரும்பும்போது நம் கையில் பாரமோ கைப்பேசியோ நீட்டப்படும். 'சம்மதம்' என்பதை அழுத்துமுன், 'எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?' என்று கேட்டுப் பார்த்து, அதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்வோம். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.