பிளாக் செய்தால் போதாது, புகாரும் வேண்டும்

கேள்வி: தாராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையிலும் பில்லிலும் இருப்பது என் கைபேசி எண்தான். அதை மாற்ற முடியாது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, ஷேர் மார்க்கெட் டிப்ஸ் வேண்டுமா என்று நாள் முழுக்க எஸ்எம்எஸ் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பதிவு செய்தும் நிற்கவில்லை. மகன் ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்கிறான். மறுநாள் வேறு எண்ணிலிருந்து வருகிறது. எப்போதோ நகை வாங்கிய கடையும் விடாமல் அனுப்புகிறது. இந்த வாரம், 'மின் கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று வந்ததை நம்பி அப்பா அதிலிருந்த எண்ணுக்கு போன் செய்துவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் இருந்த நான் தடுத்துவிட்டேன். இவர்கள் மீது வழக்குப் போட முடியுமா? கைபேசி நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா?
– ஒரு வாசகி

பதில்: வழக்குப் போடலாம் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. உங்கள் மகன் பிளாக் செய்கிறார், புகார் செய்யவில்லை. கைபேசியில் பிளாக் செய்தால் அந்த எண் உங்களுக்கு மட்டும்தான் அடைபடும். அனுப்பியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கைபேசி நிறுவனத்துக்கு விஷயமே தெரியாது. சட்டம் அசைவது புகாரில்தான்.

டிஎன்டி பதிந்தும் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. வணிகச் செய்தி அனுப்புகிற நிறுவனங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முறையாகப் பதிவு செய்துகொண்டு தங்களுக்கென ஒதுக்கப்பட்ட எழுத்துக் குறியீட்டில்தான் அனுப்ப வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குறியீட்டின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்கிறது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. டிஎன்டி தடுத்து நிறுத்துவது இப்படிப் பதிவு பெற்றவர்களின் விளம்பரங்களைத்தான். கடன்காரரும் மனைக்காரரும் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பினால், அவர்கள் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். அப்படி விளம்பரம் அனுப்புவதே விதிமீறல். நீங்கள் டிஎன்டி பதிந்திருக்காவிட்டாலும் இவர்கள் மீது புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

இருந்தாலும் உங்கள் பதிவு முழுத் தடைதானா, சில துறைகளுக்கு மட்டுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்பினால் முழுத் தடை. வங்கி ஓடிபி வராமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது விளம்பரம் அல்ல, வந்துகொண்டுதான் இருக்கும்.

இனி புகார். வந்த செய்தியை அப்படியே எடுத்து, ஒரு கமா போட்டு அனுப்பியவர் எண், மறுபடி கமா போட்டு வந்த தேதி என்று எழுதி 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். டிராயின் டிஎன்டி செயலியிலும் செய்யலாம். செய்தி வந்த 7 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். உங்களுக்கு ஒரு புகார் எண் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். 10 நாட்களுக்குள் 5 புகார்கள் சேர்ந்தாலே பதிவில்லாத அந்த எண் மீது நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். முன்பு இது 7 நாட்களில் 10 புகார் என்று இருந்தது. முதல் மீறலுக்கு அந்த ஆளின் இணைப்புகளில் வெளிச்செல்லும் சேவை 15 நாட்களுக்கு நிற்கும். மீண்டும் செய்தால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஆகவே உங்கள் வீதியில் அதே எண்ணிலிருந்து செய்தி வந்த கடைக்காரர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள். ஐந்து பேர் போதும். இவ்வளவு எளிய அதிகாரத்தை மக்கள் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நகைக்கடை விஷயம் வேறு. பில் போடும்போது நம்பர் கேட்டார்கள், கொடுத்தீர்கள். ஏதாவது படிவத்தில் விளம்பரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தச் சம்மதம் டிஎன்டியையும் தாண்டிச் செல்லும். ஆனால் வெறும் கொள்முதலுக்காக நம்பர் கொடுத்தது காலமெல்லாம் விளம்பரம் அனுப்ப அனுமதி ஆகாது. நடக்கும் ஒரு பரிவர்த்தனைக்காகத் தந்த சம்மதம் 7 நாட்கள்தான் செல்லும் என்கிறது புதிய திருத்தம். விளம்பரச் செய்தியிலேயே விலகுவதற்கான வழியும் இருக்க வேண்டும். முதலில் அதில் விலகுங்கள். கடைக்கும் எழுத்தில் ஒரு வரி கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்குப் பிறகும் வந்தால் 1909.

கைபேசி நிறுவனத்துக்குப் பொறுப்பு நிச்சயமாக உண்டு. 1909 புகாருக்குப் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் புகார் மையம், அதிலும் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று போக வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தனிநபர் புகார்களை அது விசாரித்துத் தீர்ப்பதில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகும் அலட்சியம் தொடர்ந்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கக் கூடாது என்று நிறுவனங்கள் வாதாடி வந்தன. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. நீங்கள் ரீசார்ஜுக்குக் கட்டிய தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் புகார் எண் ஒன்றுகூட இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. பெரிய இழப்பீட்டை எதிர்பார்த்தும் போக வேண்டாம்.

அப்பாவுக்கு வந்த மின்கட்டணச் செய்திதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அது விளம்பரத் தொல்லை இல்லை, மோசடி முயற்சி. போன் செய்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் கட்டச் சொல்லி, அதற்குள் உங்கள் திரையைப் பார்த்துக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அப்பா எதையாவது இறக்கியிருந்தால் இன்றே நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். வேறொருவராக நடித்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பணம் போகவில்லை என்பதால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மோசடியையும் அங்கே சொல்லலாம்.

எதையும் அழிக்காதீர்கள். அனுப்பியவர் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூலச் செய்தியும் போனிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் வந்த செய்திகளுக்கு இன்னும் 7 நாள் கெடு முடியவில்லை. இன்றே புகார் அனுப்பிவிட்டு, அப்பாவின் போனில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் பதிந்து கொடுங்கள். என்றாவது பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் முதலில் அந்த எண்ணுக்குத்தான் பேச வேண்டும்.