மறைநூலிடம் மீண்டும்

மறைநூலை மதிப்பது வேறு. அதைப் படிப்பது வேறு. பட்டுத் துணியில் சுற்றி, உயர்ந்த பீடத்தில் வைத்து வணங்கப்படும் நூல், பல இல்லங்களில் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடத் திறக்கப்படுவதில்லை. இக்குறை எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியே உரியதன்று. நூல் வீட்டில் இருப்பதே போதும் என்ற எண்ணம் மனிதமனத்தின் பொதுவான சோம்பல்.

அந்தச் சோம்பலை உதறி, சிறுவர் முதல் முதியவர் வரை அனைவரையும் மீண்டும் மறைநூலிடம் அழைத்துச் செல்ல ஒரு கிறிஸ்தவ சமூகம் மேற்கொண்ட முயற்சி கேரளத்தில் பம்பை நதியின் மணற்பரப்பில் இன்றும் தொடர்கிறது. 1895-ஆம் ஆண்டு தொடங்கிய மாராமண் கன்வென்ஷன் என்னும் பெருங்கூட்டமே அது. ஆன்ம சாதகர் எவரும் அதன் வரலாற்றிலிருந்து கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

மும்பைக்கு வந்த நூல்

மும்பை குர்லாவிலுள்ள லோகமான்ய திலகர் முனையத்திலிருந்து கேரளத்தை நோக்கி ரயில்கள் புறப்படுகின்றன. ரயில் என்பதே இல்லாத காலத்தில், கேரளத்தில் உருவான ஒரு நூல் அச்சேறுவதற்காக இதே மும்பைக்கு வர வேண்டியிருந்தது.

கேரளத்தின் பழமையான கிறிஸ்தவ சமூகம் தன் வழிபாட்டைச் சிரியாக் மொழியில் நடத்தி வந்தது. இயேசுநாதர் பேசிய அரமேய மொழியின் நெருங்கிய உறவுமொழி அது. ஆகவே மக்கள் அதனைப் புனிதமாகப் போற்றினர். ஆனால் வயலில் உழுபவருக்கும் வீட்டில் குழந்தை வளர்க்கும் தாய்க்கும் அதன் பொருள் விளங்கவில்லை. குருமார் ஓதுவர், மக்கள் பக்தியோடு கேட்பர். ஒலி செவியை எட்டியது. பொருள் உள்ளத்தை எட்டவில்லை.

1806-ஆம் ஆண்டு கேரளம் வந்த கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மறைநூலை மக்களின் மொழியில் தரவேண்டும் என்று வற்புறுத்தினார். காயங்குளம் பிலிப்போஸ் ரம்பான் என்ற துறவியும் திம்மப்ப பிள்ளை என்பவரும் அப்பணியில் ஈடுபட்டனர். பப்ரீஷியஸ் ஆக்கிய தமிழ்ப் பெயர்ப்பும் அவர்களுக்குத் துணைநின்றது. இவ்வாறு உருவான நான்கு நற்செய்தி நூல்களின் மலையாள வடிவம் 1811-ஆம் ஆண்டு மும்பையின் கூரியர் அச்சகத்தில் அச்சாயிற்று. பின்னர் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு 1829-லும், முழு வேதாகமம் 1841-லும் வெளிவந்தன.

நூல் கைக்கு வந்ததும் அதைப் படிப்பவர் உள்ளத்தில் கேள்விகள் எழுந்தன. மாராமண்ணைச் சேர்ந்த ஆபிரகாம் மல்பான் சிரியாக் மொழியைக் கற்பித்த ஆசிரியர். புனித மொழியின் அருமையை அவரைவிட அறிந்தவர் சிலரே. ஆயினும் அவரே 1836-ஆம் ஆண்டையொட்டி வழிபாட்டை மலையாளத்தில் அமைத்தார். மறைநூலில் ஆதாரம் இல்லாதவை எனத் தாம் கருதிய வழக்கங்களை விலக்கினார். தம் புலமைக்குப் பெருமை தந்த மொழியையே மக்களின் பொருட்டு ஒதுக்கி வைத்தது அவரது தியாகம்.

இழந்ததும் எஞ்சியதும்

இச்சீர்திருத்தம் எளிதில் நிலைபெறவில்லை. சமூகம் இரண்டாகப் பிரிந்தது. யாருக்குத் தலைமை, யாருக்குச் சொத்து என்ற வழக்கு 1879-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. 1889-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மேல்நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பில் சீர்திருத்தத் தரப்பினர் கோட்டயத்துக் குருமடத்தையும் பெரும்பாலான தேவாலயங்களையும் இழந்தனர். வழக்கின் நியாயங்களை எடைபோடுவது நம் நோக்கமன்று. இரு தரப்பிலும் ஆழ்ந்த பக்தி உடையோர் இருந்தனர். இழந்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1888-இல், செங்கன்னூருக்கு அருகில் பன்னிரண்டு பேர் கூடி மார்த்தோமா சுவிசேஷ சங்கத்தை அமைத்திருந்தனர். அச்சங்கத்தின் முயற்சியால் 1895-ஆம் ஆண்டு மாராமண்ணில் முதல் பெருங்கூட்டம் நடைபெற்றது. 'தமிழ் டேவிட்' என்று கேரளத்தில் அறியப்பட்ட தமிழ்ப் போதகரும், வேர்ட்ஸ்வொர்த் என்பவரும் அதில் முக்கியப் பேச்சாளர்கள். சுவர் சூழ்ந்த ஆலயங்கள் கைவிட்டுப் போன ஒரு சமூகம், கோடையில் வற்றிய ஆற்று மணலில் ஓலைப்பந்தல் இட்டு அமர்ந்தது. அவர்களிடம் எஞ்சியிருந்தது நூல் ஒன்றே. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் எட்டு நாட்கள் அக்கூட்டம் நடைபெறுகிறது. காலையில் வேதப் பாட வகுப்பு; சிறுவர்களுக்குத் தனிக் கூட்டம்; இளைஞர்களுக்குத் தனி அமர்வு; பிறகு அனைவருக்கும் பொதுவான உரை. அதே நதியின் மணற்பரப்பில், சிறிது தொலைவில், 1913-ஆம் ஆண்டு தொடங்கிய செறுகோல்புழை இந்து மத மாநாடும் நடைபெற்று வருகிறது. சட்டம்பி சுவாமிகளின் நினைவைப் போற்றும் அம்மாநாட்டிலும் சாத்திர விளக்கமே முதன்மை. ஒரே நதி இரு சமூகத்தாரையும் தத்தம் நூலிடம் மீண்டு செல்லத் தன் மடியில் இடம் கொடுக்கிறது.

எஸ்றாவின் சபை

இத்தகைய கூட்டத்திற்கு வேதாகமத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. பாபிலோனில் சிறைப்பட்டிருந்து மீண்ட யூத மக்கள், எருசலேம் நகரின் இடிந்த மதிலை எடுத்துக்கட்டினர். மதில் எழுந்தபின் அவர்கள் கேட்டது நூலையே. அந்நிகழ்ச்சியை நெகேமியாவின் நூல் எட்டாம் அதிகாரத்தில் விவரிக்கிறது. அதில் நான்கு செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, ஆடவர், பெண்டிர், கேட்டு உணரும் பருவம் எய்திய பிள்ளைகள் என அனைவரும் வந்தனர். இரண்டாவது, சபை கூடிய இடம் ஆலயத்தின் உட்பகுதி அன்று. நீர்வாயிலின் முன்னிருந்த திறந்த வெளி. மூன்றாவது, எஸ்றா என்ற வேத அறிஞர் விடியற்காலை முதல் நண்பகல் வரை படித்தார். உடனிருந்தவர்கள் மக்களிடையே பொருள் விளங்கச் சொன்னார்கள். நான்காவது, கேட்ட மக்கள் தம் வாழ்வு நூலிலிருந்து எவ்வளவு விலகிவிட்டது என்று உணர்ந்து அழுதனர். அழ வேண்டாம், வீட்டிற்குச் சென்று உண்ணுங்கள், ஒன்றுமில்லாதவர்க்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

பலர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. மறுநாள், பெருங்கூட்டம் கலைந்தபின், குடும்பத் தலைவர்கள் மீண்டும் எஸ்றாவிடம் வந்தனர். நூலின் சொற்களைக் கூர்ந்து ஆராய்ந்தனர். மறந்துபோன ஒரு கடமையை அதில் கண்டனர். உடனே மலைக்குச் சென்று தழைகளைக் கொணர்ந்து, விதித்தபடி கூடாரங்கள் அமைத்து அதை நிறைவேற்றினர்.

முதல் நாள் கேட்டல், இரண்டாம் நாள் ஆராய்தல், அதன்பின் செய்தல். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று நம் ஆசாரியர்கள் வகுத்த படிகளை அறிந்தவர்க்கு இவ்வரிசை புதிதாகத் தோன்றாது. பெருங்கூட்டம் தரக்கூடியது முதல் படியை மட்டுமே. இரண்டாம் நாள் நம்மிடம் விடப்பட்டுள்ளது. இரண்டாம் நாள் இல்லாத முதல் நாள், எவ்வளவு உருக்கமானதாயினும், திருவிழாவாகவே முடிந்துவிடும்.

ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு வாசிப்பு

எல்லா வயதினரும் நூலிடம் வரவேண்டும் என்றால், எல்லாரும் ஒரே விதமாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. பவுலின் சீடரான தீமோத்தேயு மறைநூலைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்தவர். அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விளங்கியது என்று பவுல் நினைவுகூர்கிறார். குழந்தைக்கு வேண்டியது கதையும் மனப்பாடமும், அவற்றைச் சொல்லித்தரும் முதியவரின் மடியும்.

இளைஞனுக்கு வேண்டியது நேர்மையான கேள்வி. அரசன் யோசியா இருபத்தாறு வயதை ஒட்டியிருந்தபோது, ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் மறக்கப்பட்டுக் கிடந்த நியாயப்பிரமாண நூல் கிடைத்தது. அது வாசிக்கப்படக் கேட்ட அவன் தன் ஆடையையே கிழித்துக்கொண்டான். பின்னர் சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவரையும் கூட்டி அதனைப் படித்துக் காட்டினான். நூல் ஆலயத்திற்குள்ளேயே தொலைந்திருந்தது என்பது நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி.

இல்லறத்தாருக்கு நூல் ஓர் உரைகல். கடையில் நிறுக்கும் எடையும், பணியாளரிடம் பேசும் சொல்லும் அதில் உரைத்துப் பார்க்கப்பட வேண்டும். முதியவருக்கோ அது பழகிய நண்பன். நூறு முறை படித்த வரி நூற்றியோராம் முறை புதிதாய்ப் பேசும். தாம் படிப்பதைப் பேரக்குழந்தை காணும்படி படிப்பது அவர்கள் ஆற்றக்கூடிய மிகப் பெரிய தொண்டு.

பம்பையில் பந்தல் ஆண்டுக்கு எட்டு நாட்களே நிற்கிறது. பின்னர் அது பிரிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் மணல்மேல் வெள்ளம் ஓடுகிறது. அமர்ந்திருந்த இடத்தின் சுவடும் இராது. கேட்டவர் எடுத்துச் சென்றது மட்டுமே எஞ்சும். எந்த நூலை உயிரெனப் போற்றுபவராயினும், இன்று வீடு திரும்பியதும் அதன் ஒரு பக்கத்தைத் திறந்து பொருளுணர்ந்து படிப்பாராக. நாளையும் அவ்வாறே செய்வாராக.

சிந்தனைக்கு

1. நம் இல்லத்தில் வணங்கப்பட்டும் படிக்கப்படாமல் இருக்கும் நூல் எது?

2. அண்மையில் கேட்ட சொற்பொழிவிலிருந்து 'இரண்டாம் நாள்' நாம் ஆராய்ந்தது என்ன? செய்தது என்ன?

3. நம் வீட்டுக் குழந்தைக்கு மறைநூலின் முதல் கதையைச் சொல்லப் போகிறவர் யார்?