அரச சேவைப் போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அரச அலுவலகம் புதிய இடமல்ல. நிவாரண அட்டைக்காகவும் காணி உறுதிக்காகவும் இழப்பீட்டுப் படிவத்துக்காகவும் எத்தனையோ நாட்கள் அதன் வாசலில் காத்திருந்திருக்கிறோம். மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்றே எமக்குப் பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கத்தில் எமது பிள்ளைகளும் அமர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று அனுபவித்து அறிந்த ஒருவர் கிராம அலுவலராக இருக்கும்போது, ஆவணம் தொலைத்தவரின் கதையை அவர் வேறு காதால் கேட்பார்.

அந்த மேசைக்குப் போகும் வழியில் ஒரு தடை உண்டு. அதுதான் போட்டிப் பரீட்சை. அதைப் பற்றி எம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, "அது பெரிய பட்டணத்துக் கெட்டிக்காரருக்கே உரியது" என்பது. மற்றது, "ஆளைப் பிடித்தால் போதும்" என்பது. இரண்டுமே எமது பிள்ளைகளை முயற்சியிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆகவே இந்தப் பரீட்சை எதைச் சோதிக்கிறது, அதற்குக் குறைந்த செலவில் எப்படி ஆயத்தமாகலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைச் சிவில் சேவை பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே இருந்தது. திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து அச்சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். அது 1875ஆம் ஆண்டு. பின்னாளில் அவர் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றினார். எமது பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளைப் பராமரிக்கும் திணைக்களத்தின் தலைமைப் பதவி அது.

1963ஆம் ஆண்டு சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவானது. அதே ஆண்டில் பழைய விதானைமார் முறையும் நீக்கப்பட்டு கிராம சேவகர் பதவி வந்தது. இன்று கிராம உத்தியோகத்தர் என்று சொல்லப்படுபவர் அவரே. முன்பு குடும்பச் செல்வாக்கோடு போன பதவி, பரீட்சை எழுதிப் பெறக்கூடிய பதவியாயிற்று. போட்டிப் பரீட்சையில் குறைகள் இருக்கலாம். ஆனால் செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கதவு என்பதை மறக்கக் கூடாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் எமது மக்கள் அரச சேவையில் பட்ட துன்பத்தை மூத்தோர் அறிவர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகும். அரச சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுதலாம். விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பின்னர் மாற்ற விடமாட்டார்கள் என்பதால், அதைக் கவனமாகக் குறியுங்கள். 2007 யூலை 1இற்குப் பின் சேவையில் சேர்ந்தோர் மற்ற அரச கரும மொழியையும் குறித்த காலத்துக்குள் கற்றுத் தேற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆகவே இன்றே சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குவது வீண்போகாது.

2. முதலில் ஆவணங்கள்

படிப்பில் தோற்பதற்கு முன்பே ஆவணத்தில் தோற்பவர்கள் எம்மில் பலர். வர்த்தமானி அறிவித்தல் வந்தபின் சான்றிதழ் தேடத் தொடங்கினால் முடிவுத் திகதி கடந்துவிடும். இப்போதே ஒரு பொலித்தீன் உறைக்குள் பின்வருவனவற்றைச் சேருங்கள்:

• பிறப்புச் சான்றிதழ். பதிவேடு அழிந்துபோயிருந்தால் மீள்பதிவுக்கான வழியைப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள்.
• தேசிய அடையாள அட்டை.
• க.பொ.த. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள். தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மீளப் பெறலாம்.
• வதிவிடத்தைக் காட்டும் சான்றுகள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது என்று இருப்பது எமது முகாம்களில் சாதாரணம். நேர்முகப் பரீட்சையில் அது தலையிடியாகும். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். வாசிகசாலையிலோ பிரதேச செயலகத்திலோ பார்க்கலாம், இணையத்திலும் உண்டு. பல பரீட்சைகளுக்கு இன்று விண்ணப்பமும் இணையவழியேதான். ஊரில் கைத்தொலைபேசி பாவிக்கத் தெரிந்த ஓர் இளைஞரிடம் வாரந்தோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். அறிவித்தலில் ஐந்து விடயங்களைக் கோடிட்டு வாசியுங்கள்: கல்வித் தகைமை, வயதெல்லை, வயது கணிக்கப்படும் திகதி, வதிவிட நிபந்தனை, முடிவுத் திகதி.

உயர்தரம் இடையில் முறிந்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதை மீண்டும் எழுதலாம். கிராம உத்தியோகத்தர் பதவிக்கு உயர்தரச் சித்தி வேண்டும். நிர்வாக சேவையின் திறந்த பரீட்சைக்குப் பட்டம் வேண்டும்.

3. பரீட்சை எதைச் சோதிக்கிறது?

பதவிக்குப் பதவி வினாத்தாள் வேறுபடும். ஆனால் மொழித்திறன், பொது அறிவு, நுண்ணறிவு ஆகிய மூன்றும் ஏதோ ஒரு வடிவில் பெரும்பாலும் இருக்கும்.

விண்ணப்பிப்பவர் ஆயிரக்கணக்கில், வெற்றிடமோ கொஞ்சம். எனவே இது ஒரு சல்லடை. சித்தியடைந்தால் மட்டும் போதாது, மற்றவர்களை விடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டும். நுண்ணறிவுத் தாளில் 60 நிமிடத்தில் 50 வினாக்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாவுக்கு 72 செக்கன் மட்டுமே. ஒரு மணித்தியாலம் யோசித்தால் எல்லாரும் செய்யக்கூடிய கணக்கை, ஒரு நிமிடத்தில் யார் செய்வார் என்பதே கேள்வி. இது பிறவி அறிவைவிடப் பழக்கத்தையே அதிகம் அளக்கிறது. பழக்கத்தை எந்தக் கொட்டிலிலும் வளர்க்கலாம்.

4. செய்து பழகுவோம்

விடையைப் பார்க்குமுன் நீங்களே செய்யுங்கள்.

(அ) 3, 7, 15, 31, ? அடுத்த எண் என்ன?
இடைவெளிகளைப் பாருங்கள்: 4, 8, 16. அடுத்தது 32. எனவே விடை 63. எண் தொடரைக் கண்டவுடன் இடைவெளியை எழுதுவதைப் பழக்கமாக்குங்கள்.

(ஆ) 12 பேர் ஒரு வயலில் 6 நாட்களில் களை எடுப்பர். 9 பேருக்கு எத்தனை நாட்கள்?
ஆள் குறைந்தால் நாள் கூடும். 12 x 6 = 72; 72ஐ 9ஆல் பிரிக்க 8 நாட்கள். அவசரத்தில் நாளையும் குறைத்து எழுதுவோர் பலர். கணக்கைச் செய்யுமுன் விடை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். கமக்காரப் பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

(இ) வெங்காயம் கிலோ 400 ரூபா. விலை 25 வீதம் ஏறி, பின் 25 வீதம் இறங்கியது. இப்போது என்ன விலை?
பலர் 400 என்பர். ஏறியபோது 500. இறங்குவது 500இன் 25 வீதம், அதாவது 125. எனவே விடை 375.

(ஈ) காலையில் ஒருவர் நடந்து போகிறார். அவருடைய நிழல் இடப்பக்கம் விழுகிறது. எத்திசை நோக்கிப் போகிறார்?
காலையில் நிழல் மேற்கே விழும். மேற்கு இடப்பக்கமென்றால் அவர் வடக்கே போகிறார்.

(உ) ஓர் ஆண் ஒரு சிறுமியைக் காட்டி, "இவளுடைய தாய் என் தாயின் ஒரே மகள்" என்கிறார். அவள் அவருக்கு என்ன முறை?
தாயின் ஒரே மகள் அவருடைய சகோதரி. சகோதரியின் மகள் மருமகள்.

(ஊ) எல்லாக் கிணறுகளும் நீர்நிலைகள். சில நீர்நிலைகள் உவர்ப்பானவை. ஆகவே சில கிணறுகள் உவர்ப்பானவை. இம்முடிவு சரியா?
யாழ்ப்பாணத்தில் உவர்க்கிணறு கண்ட எவரும் "சரி" என்பர். ஆனால் தந்த இரண்டு கூற்றுக்களிலிருந்து மட்டும் அம்முடிவு வராது. உவர்ப்பான அந்த நீர்நிலைகள் குளங்களாகவோ களப்புகளாகவோ இருக்கலாம். பரீட்சையில் எமக்குத் தெரிந்த உலகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, தாளில் உள்ளதை மட்டும் கொண்டு விடை சொல்ல வேண்டும். எமது பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த வகையிலேயே.

5. பொது அறிவு வீட்டு முற்றத்தில் தொடங்குகிறது

கேள்வி விடைப் புத்தகத்தைப் பாடமாக்குவது விரைவில் மறக்கும். தெரிந்த ஒன்றிலிருந்து வெளியே போங்கள். இரணைமடுக் குளத்துக்கு நீர் தருவது கனகராயன் ஆறு. அங்கிருந்து நாட்டின் மற்ற ஆறுகளுக்குப் போகலாம். உரம் வாங்கப் போகும் கமநல சேவை நிலையத்திலிருந்து, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குப் போகலாம். பிரதேச செயலகத்திலிருந்து, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளருக்குக் கொடுத்த அதிகாரங்களுக்கும், பின்னர் 25 மாவட்டங்கள், 9 மாகாணங்களுக்கும் போகலாம். அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பத்துக்கு நாட்டின் நிர்வாகம் ஏற்கெனவே பாதி தெரியும். தெரிந்ததை ஒழுங்குபடுத்துவதே மிச்ச வேலை.

மொழித்திறனுக்கு ஒரே வழி, நாளாந்தம் வாசித்து எழுதுவது. ஒரு செய்தியை வாசியுங்கள். அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி உங்கள் சொற்களில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, ஓர் உண்மையான தேவைக்கு அலுவலகக் கடிதம் ஒன்றும் எழுதுங்கள். ஊருக்கும் பயன்படும்.

6. கூடிப் படிப்போம்

ரியூசனுக்குப் பணமில்லை என்பது உண்மை. ஐந்து தொடக்கம் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைத்தால் அது பெரிய குறையல்ல. சனசமூக நிலையத்திலோ பாடசாலை வகுப்பறையிலோ வாரம் மூன்று மாலை கூடுங்கள். ஒரு பத்திரிகையை எல்லாரும் பகிருங்கள். கணக்கு வல்லவர் கணக்கைச் சொல்லிக் கொடுக்கட்டும்; மொழி வல்லவர் கட்டுரையைத் திருத்தட்டும். கற்பிப்பவரே அதிகம் கற்கிறார்.

ஞாயிறு பிற்பகல் மணிக்கூடு வைத்து ஒரு முழு வினாத்தாளைச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு "பிழைக் கொப்பி" எழுதுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: தெரியவில்லை, வினாவைப் பிழையாக வாசித்தேன், நேரம் போதவில்லை. ஒரு மாதத்தில் உங்கள் பலவீனம் கண்முன் நிற்கும். தெரியாததைப் படித்துத் திருத்தலாம். பிழையாக வாசிப்பதை, வினாவின் முக்கிய சொல்லின் கீழ் கோடிட்டுத் திருத்தலாம். நேரப் பிரச்சினைக்கு, கடினமானதை விட்டு முன்னேறி, இறுதியில் திரும்பி வரப் பழகலாம்.

விதைப்பும் அரிவிவெட்டும் வரும் கிழமைகளில் படிப்பைக் குறையுங்கள். ஆனால் அடியோடு விடாதீர்கள். நாளுக்கு இருபது நிமிடமேனும் கொப்பியைத் திறவுங்கள். காத்திருப்பும் நீளலாம். கிராம உத்தியோகத்தர் பதவிக்கு 2021இல் விண்ணப்பம் கோரப்பட்ட பரீட்சை 2023 டிசம்பரிலேயே நடைபெற்றது. இடையில் கைவிட்டவரும் கைவிடாதவரும் ஒரே மண்டபத்தில்தான் அமர்ந்தனர்.

7. பரீட்சை நாள்

அனுமதி அட்டையில் கையொப்பத்தை உறுதிப்படுத்த வேண்டியிருந்தால் முன்கூட்டியே செய்யுங்கள். நிலையம் தூரமென்றால் முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். காலைப் பேருந்தை நம்ப வேண்டாம். அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனை, ஒரு கைக்கடிகாரம் போதும். கைத்தொலைபேசியை வீட்டில் விடுங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பதை அறிவுறுத்தலில் பாருங்கள். கழிக்காவிட்டால் ஒரு வினாவையும் வெறுமையாக விட வேண்டாம்.

8. பெற்றோருக்கு

பரீட்சை எழுதும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, தினமும் ஒரு மணித்தியாலமும் ஒரு விளக்கும். ஆண்பிள்ளைக்குக் கொடுக்கும் அந்த நேரத்தைப் பெண்பிள்ளைக்கும் கொடுங்கள். சமையலையும் தண்ணீர் அள்ளுவதையும் வீட்டார் பகிர்ந்தால் அந்த நேரம் கிடைக்கும்.

"இத்தனை இலட்சம் தாருங்கள், வேலை எடுத்துத் தருகிறோம்" என்று வருபவருக்குக் கதவைத் திறக்க வேண்டாம். இருக்கும் காணியையோ தாலிக்கொடியையோ அடகு வைத்து ஏமாறியோர் கதை ஊருக்கு ஊர் உண்டு.

இறுதியாக, எழுதுகிற எல்லாரும் தெரிவாகப் போவதில்லை. வெற்றிடம் பத்து என்றால் பதினோராவது பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் வெளியேதான் நிற்கும். சல்லடையில் தங்காதது எல்லாம் பதரல்ல. அந்தப் பிள்ளையை "தோற்றவன்" என்று அழைக்காதீர்கள். ஒழுங்காக வாசிக்கவும், கணக்குப் பார்க்கவும், கடிதம் எழுதவும், சட்டத்தைத் தேடிப் பார்க்கவும் பழகிய பிள்ளை கூட்டுறவுச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் தன் சொந்தத் தோட்டத்துக்கும் தேவையான பிள்ளை. அடுத்த பரீட்சைக்கும் அதே பிள்ளை எல்லாரையும் விட முன்னே நிற்கும்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் சாதாரணதரம், உயர்தரம் முடித்து வீட்டிலிருப்போர் எத்தனை பேர்? அவர்களில் ஆவணங்கள் முழுமையாக உள்ளோர் எத்தனை பேர்?
2. வாரந்தோறும் வர்த்தமானியைப் பார்த்து அறிவிக்கும் பொறுப்பை யார் ஏற்பார்?
3. மாலைப் படிப்புக்கு வரும் பெண்பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?