புற்றுநோய் அறுவைச் சிகிச்சையும் ஊட்டச்சத்தும்

புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை தேவை என மருத்துவர் கூறியதும், குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி "எப்பொழுது?" என்பதே. "நோயாளியின் எடை எவ்வளவு குறைந்துள்ளது?" என்று கேட்பவர் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியும் உயிரோடு தொடர்புடையதாகும்.

1936-ஆம் ஆண்டில் ஸ்டட்லி எனும் அமெரிக்க மருத்துவர், இரைப்பைப் புண்ணுக்காக அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தார். உடல் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தவர்களுள் மூவரில் ஒருவர் இறந்தனர். அவ்வளவு எடை இழக்காதவர்களுள் இறந்தோர் 3.5 விழுக்காட்டினரே.

நம் சமூகத்தின் நிலை

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற பெரிய இனத்தவரைவிட இந்தியரிடையே, குறிப்பாக இந்தியப் பெண்களிடையே, அதிகம் காணப்படுகிறது. புகையிலையுடன் வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். வாயில் புண், வலி, விழுங்க இயலாமை ஆகியவற்றால் நோயாளி வெறும் கஞ்சிக்கு வந்துவிடுகிறார். இதனால் அறுவைக்கு முன்பே உடல் தளர்ந்துவிடுகிறது.

எதிர்ப்பாற்றல் ஏன் குறைகிறது?

கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் யாவும் புரதமே. வெள்ளணுக்கள் பெருகவும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் வேண்டும். அறுவைக்குப் பின் உடல் தன் தசையைக் கரைத்து, குளுட்டமின் போன்றவற்றை வெள்ளணுக்களுக்கு அனுப்புகிறது. 'டி' அணுக்களுக்குத் தேவையான ஆர்ஜினினும் அப்போது குறைகிறது. தசையே மெலிந்தவரிடம் சேமிப்பு ஏது? காயம் ஆறத் தாமதமாகும்; கிருமித்தொற்று எளிதில் வரும்; அடுத்துத் தர வேண்டிய கதிரியக்கச் சிகிச்சையும் தள்ளிப்போகலாம்.

எவ்வளவு உண்ண வேண்டும்?

ஐரோப்பிய ஊட்டச்சத்துக் கழகத்தின் வழிகாட்டியின்படி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும் 1.5 கிராம் புரதமும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும் ஒரு குவளைப் பாலில் 8 கிராமும் சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமும் உள்ளன. வெறும் கஞ்சியில் மிகச் சிறிதளவே உண்டு. கஞ்சியுடன் முட்டை, பருப்பு, மசித்த மீன், தவ்ஃபூ சேர்த்தால் அதுவே நல்லுணவாகும். விழுங்கவே இயலாதவருக்கு மூக்குவழிக் குழாய் மூலம் உணவு தரப்படும்.

ஆறு மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தவருக்கு, அதாவது 60 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கும் கீழே இறங்கியவருக்கு, ஆபத்து அதிகம். இத்தகையோருக்குப் பெரிய அறுவையைத் தள்ளிவைத்தேனும் 7 முதல் 14 நாள்கள் ஊட்டம் தர வேண்டும் என்று அவ்வழிகாட்டி கூறுகிறது. ஆர்ஜினின், ஒமேகா-3 கலந்த சிறப்புப் பானங்கள் ஊட்டம் குன்றியவர்களுக்கே பரிந்துரைக்கப்படுகின்றன. நல்ல உடல்நிலையில் உள்ளோருக்கு அவற்றின் பலன் தெளிவாக இல்லை.

தவறான நம்பிக்கை

"நன்றாகச் சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று முட்டை, மீனை நிறுத்துவோர் உண்டு. உணவைக் குறைப்பதால் நோயாளிக்கு நன்மை என்பதற்குச் சான்றில்லை. பட்டினியில் நோயாளியின் தசையும் மெலிகிறது.

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். அம்பாங் மருத்துவமனை உள்ளிட்ட அரசாங்க மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்கள் பணியாற்றுகின்றனர். அறுவைத் தேதி கிடைத்த அன்றே அவர்களைச் சந்திக்கக் கேளுங்கள். கல்வி கற்ற பிள்ளைகளாகிய நாம் வீட்டுப் பெரியவர்களின் எடையை வாரம் ஒருமுறை குறித்து மருத்துவரிடம் காட்டினால், அதுவே பெரும் உதவியாகும்.