உழைக்கும் குதிரையின் கால்கள்

தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இன்று இயந்திர ஊர்திகளே நிறைந்துள்ளன. முற்காலத்தில் இவ்வட்டார ரயிலடிகளில் இறங்குவோரை ஊருக்குள் கொண்டு சேர்த்தவை ஜட்கா வண்டிகள். வண்டிக்காரரின் குடும்பம் குதிரையின் நான்கு கால்களை நம்பி வாழ்ந்தது. அது நொண்டினால் அன்று அடுப்பெரியாது. பரி, புரவி, இவுளி என்று நிகண்டில் அதன் பெயர்களை மனனம் செய்தோரும் அக்கால்களின் அமைப்பை உற்றுநோக்குவது அரிது.

குதிரையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்கள் தாங்குகின்றன. ஆயினும், அவற்றை உடலோடு பிணைக்கும் எலும்பு யாதுமில்லை. நமக்குள்ள காறையெலும்பு அதற்கில்லை; தசைகளே தூளிபோல் மார்பைத் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே தசையில்லை எனலாம். அங்கு எலும்பும், அதனை இயக்கும் நாண்களுமே உள்ளன. நாண்களுக்குக் குருதியோட்டம் குறைவாதலின், கிழிந்த நாண் ஆறப் பல திங்கள் செல்லும்.

எலும்பு உயிருள்ள பொருள். சுமைக்கேற்பத் தன்னை உறுதியாக்கிக் கொள்ளும். ஆனால், தசை சில கிழமைகளில் திரண்டுவிட, எலும்பும் நாணும் வலுப்பெறப் பல திங்கள் வேண்டும். குதிரைக்காரர் ஏமாறுவது இங்கேதான். திரண்ட தோளைக் கண்டு, 'குதிரை தேறிவிட்டது' என்று பாரம் ஏற்றுவர்; பின்தங்கிய நாண் அதனைத் தாங்காது. புதுக்குதிரையை முதலில் வெறும் நடையிலும், பின்பு வெற்றுவண்டியிலும், அதன்பின் சிறு சுமையிலும் பழக்குவது இதனாலேயே.

ஓய்வும் சிலபோது தீங்காகும். மேனாட்டார் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்றைக் கூறுவர். ஞாயிறன்று குதிரையை லாயத்திலேயே கட்டி, வேலைநாளுக்குரிய தானியம் முழுவதையும் ஊட்டி, மறுநாள் வண்டியிற் பூட்டுவர். சிறிது தொலைவு சென்றதும் பின்தொடைத் தசைகள் இறுகும், உடல் வியர்க்கும், சிறுநீர் காப்பி நிறமாகும், குதிரை நின்றுவிடும். அதனை முரட்டுத்தனம் என்றெண்ணிச் சவுக்கால் அடித்து நடத்தினால், தசை மேலும் சிதைந்து உயிருக்கே கேடு வரலாம். அவ்விடத்திலேயே வண்டியை அவிழ்த்துக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். ஓய்வுநாளில் கொள்ளைக் குறைத்து, சற்றே நடத்தி வந்தால் இந்நோயைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

குளம்பும் நகம்போல் வளர்வதாகும். ஆறு கிழமைக்கொரு முறையேனும் லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவாவிடில், கால் சாய்ந்து மூட்டு நோகும்.

வண்டியிழுக்கும் விலங்குகளுக்கென 1965ஆம் ஆண்டில் இந்திய அரசு விதிகள் வகுத்தது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. சித்திரை வைகாசியில் செங்கற்பட்டுப் பகுதியில் அவ்வெப்பம் அரிதன்று.