மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

மூலையில் தூசி படிந்து கிடக்கும் கியர் சைக்கிளை பேட்டரி வண்டியாக்க யோசனை கேட்டு வரும் தம்பி, தங்கச்சிகள் முதலில் கேட்பது, “எத்தனை வாட் மோட்டார் போடலாம்?” என்றுதான். “பிரேக் பிடிக்கிறதா?” என்று நான் திருப்பிக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே இதை எண் போட்டு எழுதுகிறேன்.

1. முதலில் அதை ஓடுகிற சைக்கிளாக்குங்கள். பிரேக் கட்டை, பிரேக் கேபிள், டயர் மூன்றும் புதிதாக இருக்கட்டும். ஹேண்டில்பார் பால்ரஸில் ஆட்டம் இருக்கக் கூடாது; ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மிதித்து 15 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி மோட்டாரில் 25இல் போகும்போது, நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மோட்டார், பேட்டரி எடை அதற்கு மேல். ஃபிரேமைத் துடைத்து, வெல்டிங் சேரும் இடமெல்லாம் மயிரிழை விரிசல் தேடுங்கள். கண்டால் அது பழைய இரும்புக் கடைக்கு. பெயிண்ட் அடித்து ஓட்ட வேண்டாம்.

2. முன் ஃபோர்க்கில் காந்தம் வைத்துப் பாருங்கள். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அதன் அச்சு பின்னால் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஃபோர்க் நுனியில் அச்சு உட்காரும் சின்னப் பிளவு மட்டுமே. இரும்பு தாங்கும். அலுமினியம் நாளடைவில் விரிந்து, ஒருநாள் சட்டென்று உடையும். சக்கரம் கழன்று போகும். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்குகளில் அடிப்பகுதி பெரும்பாலும் வார்ப்பு உலோகம்தான். காந்தம் ஒட்டவில்லை என்றால் மோட்டாரைப் பின் சக்கரத்தில் போடுங்கள். வாங்குமுன் பின் அச்சு உட்காரும் இடத்தின் உள் அகலத்தை அளந்து பாருங்கள். ஏழு, எட்டுப் பல்சக்கர வண்டிகளில் பொதுவாக 135 மில்லிமீட்டர். எந்தச் சக்கரமானாலும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையைப் பூட்டுங்கள். அச்சைக் கவ்விக்கொண்டு ஃபிரேமில் இறுகும் பட்டை அது. விலை அற்பம். மோட்டார் கிட்டோடு வரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள்.

3. வாட் கணக்குக்கு வருவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 200 வாட் வேண்டும். காற்றுக்கும் டயருக்கும் இன்னும் கொஞ்சம். 250 வாட் மோட்டாரும் உங்கள் கால்களும் சேர்ந்தால் தாராளம். நம் நாட்டுச் சட்டக் கோடும் அங்கேதான் ஓடுகிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதிவு வேண்டாத பேட்டரி வண்டிக்குச் சொல்லியிருப்பது: கால் கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், நல்ல பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். ஆகவே மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆயிரம் வாட் கிட்டும் கடையில் கிடைக்கும். அதை மாட்டினால் உங்களிடம் இருப்பது நம்பர் பிளேட்டும் இன்ஷூரன்ஸும் இல்லாத ஒரு மோட்டார் வண்டி.

4. பணத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகட்டும். ஹப் மோட்டார் புதுச் சரக்கல்ல, மாறியது பேட்டரிதான். அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895லேயே பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் கையில் இருந்தது 10 வோல்ட் பேட்டரி; மோட்டார் 100 ஆம்பியர் வரை இழுக்கும். அத்தனை கரண்டுக்கு வயர் எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று யோசியுங்கள். இன்று 36 வோல்ட்டில் நம் 250 வாட்டுக்கு ஏழு ஆம்பியர் போதும்.

36 வோல்ட் லித்தியம் அயான் பேக்கில் பத்து செல் அடுக்குகள் தொடராக இருக்கும். நிறைந்த செல் 4.2 வோல்ட், பேக் 42. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் சேகரித்துத் தானே பேக் கட்டும் வீடியோக்கள் ஆசை காட்டும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். வயது வேறுபட்ட செல்களை அடுக்கினால் நலிந்தது முதலில் வற்றும், முதலில் நிரம்பும். எல்லை மீறினால் சூடாகித் தீப்பிடிக்கவும் செய்யும். ஒவ்வோர் அடுக்கையும் கண்காணித்துத் துண்டிக்கும் பி.எம்.எஸ். பலகையோடு வரும் பேக்கையும், அதற்கே உரிய சார்ஜரையும் வாங்குங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் சார்ஜர் பார்வைக்கு அதேதான், வோல்ட் வேறு. மாற்றிச் சொருகக் கூடாது.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. கூடவே மிதித்தால் முப்பது கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். த்ராட்டிலை மட்டும் திருகினால் இருபதோடு திருப்தி அடையுங்கள். முழு சார்ஜுக்கு அரை யூனிட் கரண்ட் ஆகாது. சார்ஜ் போடும் இடம் சிமெண்ட் தரையாக இருக்கட்டும். வாசலிலும் மாடிப்படி அடியிலும் வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். கீழே விழுந்து நசுங்கிய பேக்கை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

5. பேட்டரியை ஃபிரேம் முக்கோணத்துக்குள், தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் பூட்டுங்கள். பின் கேரியரில் வைத்தால் வளைவில் வால் ஆடும்.

6. இரண்டு பிரேக் பிடிகளும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ளவையாக இருக்கட்டும். பிடியை அழுத்தியதும் மோட்டார் நிற்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு இரண்டையும் சோதித்த பிறகே தெருவுக்கு. இதைத் தட்டிக்கழிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, வண்டியைத் தொடுவதுமில்லை.

7. மழை: மோட்டார் வயர் அச்சு வழியே உள்ளே போகிறது. அச்சுக்கு அருகில் வயரைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியின் வயர் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

8. முதல் ஓட்டம் பத்து கிலோமீட்டருக்குள், ஏற்றமில்லாத தெருவில். வந்ததும் அச்சு நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கால் சுற்று இறங்கும். ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் மோட்டார் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு பிளக்கையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளக்கை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.